17-ம் தேதி அரசு விடுமுறை, வங்கி ஏன் திறந்திருந்தது?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். மன்னார்குடி பக்கம் உங்கள் மாமனார் இரண்டு லட்ச ரூபாய் பயிர்க்கடன் வாங்கியிருந்தார். கெடு 2025 ஜனவரி 16. அன்று உழவர் திருநாள். மறுநாள் 17-ம் தேதி வெள்ளிக்கிழமையும் தமிழக அரசு விடுமுறை என்று டிவியில் சொன்னார்கள். அப்புறம் சனி, ஞாயிறு. எல்லாம் முடிந்து 20-ம் தேதி திங்கட்கிழமை பணத்தோடு போனவரிடம், கெடு தாண்டிவிட்டது, நாளுக்குள் கட்டினால் கிடைக்கும் 3 சதவீத வட்டிச் சலுகை போய்விட்டது, 6,000 ரூபாய் கூடுதலாகக் கட்டுங்கள் என்றார்கள். கட்டிவிட்டு வந்தாரே தவிர இன்றுவரை மனம் ஆறவில்லை. அரசாங்கமே லீவு விட்ட நாளை வங்கி எப்படி வேலை நாளாக எடுத்துக்கொள்ளலாம் என்பது உங்கள் கேள்வி. அடுத்த பொங்கலுக்குள், அதாவது 2026 ஜனவரிக்குள், இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறீர்கள்.

நான் 34 வருடம் பொதுத்துறை வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். அதில் பாதிக்கு மேல் டெல்டா மாவட்டக் கிளைகளில். வக்கீல் இல்லை. சட்டத்தில் கிளை நடத்துகிறவனுக்குத் தெரிய வேண்டிய அளவு தெரியும். அந்த அளவில் சொல்கிறேன்.

17-ம் தேதி மாநில அரசு அலுவலகங்களுக்கும் அதன் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் பள்ளி கல்லூரிகளுக்கும்தான் விடுமுறை. வங்கிகளுக்கு இல்லை. இதில் சந்தேகமே வேண்டாம். வங்கி மூடுவதற்கு வேறொரு சட்டம் இருக்கிறது. 1881-ல் வந்த செலாவணி முறிச் சட்டம். மாற்று முறை ஆவணச் சட்டம் என்றும் எழுதுவார்கள். செக், புரோநோட்டு எல்லாவற்றுக்கும் அதுதான் தாய்ச் சட்டம். அதன் 25-ம் பிரிவின் விளக்கத்தில், ஞாயிற்றுக்கிழமையும் அரசிதழில் அறிவிக்கப்படும் மற்ற நாட்களும் பொது விடுமுறை என்று இருக்கிறது. அறிவிக்கும் அதிகாரம் மத்திய அரசுடையது. 1957-ல் உள்துறை அமைச்சகம் அதை மாநில அரசுகளுக்கும் பிரித்துக் கொடுத்தது. அதனால்தான் ஒவ்வொரு வருடமும், பெரும்பாலும் அக்டோபர் நவம்பர் வாக்கில், அடுத்த வருடத்துக்கான பட்டியலை நம் அரசு அரசாணையாக வெளியிடுகிறது. 2025-க்கான பட்டியலில் 24 நாட்கள். பொங்கல், திருவள்ளுவர் தினம், உழவர் திருநாள், தைப்பூசம் எல்லாம் அதில் உண்டு. தைப்பூசம் 2021-ல்தான் சேர்ந்தது. இந்த 24-லும் வங்கி மூடியிருக்கும்.

வருடத்தின் நடுவில் தனியாக அறிவிக்கப்படும் விடுமுறை வேறு வகை. பண்டிகைக்கும் வார இறுதிக்கும் நடுவே ஒரே ஒரு வேலை நாள் மாட்டிக்கொண்டால், ஊருக்குப் போனவர்கள் திரும்பி வர வசதியாக அரசு அந்த நாளை விட்டுக்கொடுக்கிறது. அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாளாகும். 2025 ஜனவரி 17-க்கு ஈடு ஜனவரி 25. 2024 தீபாவளி அக்டோபர் 31 வியாழன், நவம்பர் 1-ஐ விட்டார்கள், ஈடு நவம்பர் 9. அறிவிப்பில் 'ஈடு செய்யும் பணி நாள்' என்ற வரி இருந்தால் அது வங்கிக்கான விடுமுறை இல்லை என்று அநேகமாக முடிவு கட்டிவிடலாம். வங்கிகளுக்கு அப்படி ஒரு ஏற்பாடே கிடையாது.

ஆக, அந்தப் பொங்கல் வாரத்தில் உங்கள் மாமனாருக்கு இருந்த நாட்கள் இவை. 13-ம் தேதி திங்கள், போகி, வங்கி உண்டு. 14, 15, 16 மூடல். 17 வெள்ளி திறப்பு. 18 சனியும் திறப்பு, ஏனென்றால் அது மூன்றாவது சனி. 2015 செப்டம்பர் 1-லிருந்து மாதத்தின் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை மட்டுமே வங்கிக்கு விடுமுறை. ஒன்று, மூன்று, ஐந்தாவது வந்தால் ஐந்து, இவை முழு வேலை நாட்கள். முன்பிருந்த அரை நாள் கணக்கு இப்போது இல்லை. வாரம் ஐந்து நாள் வேலை என்ற கோரிக்கை பல வருடமாக இருக்கிறது, அது நடந்துவிட்டதாக நினைத்து எல்லாச் சனியும் லீவு என்று நம்புகிறவர்கள் நிறைய. எல்.ஐ.சி.க்கு 2021 மே மாதத்திலிருந்து எல்லாச் சனியும் விடுமுறை, அந்தக் குழப்பமும் சேர்ந்துகொள்கிறது.

பண்டிகைகளுக்கு நடுவில் வரும் அந்த ஒற்றை நாளில் கிளை எப்படி இருக்கும் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், அப்போதுதான் மூடியிருப்பதாக ஏன் தோன்றுகிறது என்று புரியும். பன்னிரண்டு பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து பேர் இருப்போம். பாதிப் பேர் ஊரிலிருந்து திரும்பியிருக்க மாட்டார்கள். ஆனால் பெட்டகத்துக்கு இரண்டு சாவி, ஒன்று அதிகாரியிடம், ஒன்று காசாளரிடம். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். யார் லீவு போட்டாலும் சாவியை இன்னொருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போக முடியும். அதனால் ஆள் குறைந்தாலும் கவுண்டர் திறக்கும். வாசலில் வண்டி இருக்காது, எதிரே தாலுகா ஆபீஸ் பூட்டிக் கிடக்கும், டீக்கடை கூட பாதிதான் திறந்திருக்கும். பஸ்ஸிலிருந்து பார்க்கிறவர் வங்கியும் இல்லை என்று நினைத்துப் போய்விடுவார்.

இதற்கு நேர்மாறு போகி அன்று. பொங்கலுக்குப் போட்டுக்கொள்ள அடகு நகையை மீட்க வருகிற பெண்கள் பத்து மணிக்கு முன்பே படியில் உட்கார்ந்திருப்பார்கள். நகைப்பை ஒவ்வொன்றாகப் பெட்டகத்திலிருந்து வரும். சீட்டில் உள்ள எண்ணும் பையில் உள்ள எண்ணும் ஒத்துப் பார்த்து, முத்திரையைப் பிரித்து, மேசையில் கொட்டுவோம். ஒரு அம்மா தோட்டை அங்கேயே காதில் போட்டுக்கொண்டு, திருகாணி சரியாக மாட்டியிருக்கிறதா என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். பை ஒன்று மீட்கப்படாமல் உள்ளே இருந்தால் மூன்று நாளைக்கு வாய்ப்பே இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். மதியச் சாப்பாட்டை மாற்றி மாற்றி முடித்து, கடைசி ஆள் போகும்வரை செய்து கொடுப்போம். நான் இருந்த கிளைகளில் எல்லாம் வருடத்தின் கனமான நாட்களில் ஒன்று போகி.

உள்ளூர் விடுமுறை என்று இன்னொன்று உண்டு. மாவட்ட ஆட்சியர் அறிவிப்பது. திருவாரூர் ஆழித்தேர், மதுரையில் அழகர் ஆற்றில் இறங்குவது, ஸ்ரீரங்கம் வைகுண்ட ஏகாதசி, நாகூர் கந்தூரி, தூத்துக்குடி பனிமய மாதா பெருவிழா, திருவண்ணாமலை தீபம் என்று அந்தந்த ஊரின் நாள். ஆட்சியரின் செய்திக்குறிப்பைக் கடைசி வரை படியுங்கள். செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்படவில்லை என்பதால் வங்கிகளுக்குப் பொருந்தாது என்று கீழே ஒரு வரி இருக்கும். கருவூலங்கள் குறைந்த ஊழியர்களோடு இயங்கும் என்று இன்னொரு வரியும் இருக்கும். பத்திரிகையில் இடம் இல்லாமல் வெட்டப்படுவது பெரும்பாலும் அந்தக் கடைசி வரிகள்தான்.

திருவாரூரில் நான் வேலை பார்த்த காலத்தில் தேரன்று கிளையைத் திறந்து வைத்திருக்கிறேன். 96 அடித் தேர். வடம் பிடித்ததிலிருந்து ஊரே நான்கு வீதியில்தான். பணம் கொண்டுவரும் வண்டி உள்ளே நுழைய முடியாது என்பதால் முதல் நாளே ரொக்கம் வாங்கி வைத்துவிடுவோம். அன்று கவுண்டருக்கு வந்தவர்கள் யார் தெரியுமா? பலூன்காரர், வளையல்காரர், பொரிகடலைக்காரர். பத்து ரூபாய் நோட்டும் நாணயமும் மாற்றிக்கொள்ள. 'ஆரூரா, தியாகேசா' என்ற சத்தம் வீதி திரும்பும்போதெல்லாம் கண்ணாடிக் கதவைத் தாண்டிக் கேட்கும். கடன் கட்ட ஒருவரும் வரவில்லை. எல்லோரும் லீவு என்று நினைத்துக்கொண்டார்கள். அன்று கெடு இருந்த சிலரை மறுநாள் நாங்களே போனில் கூப்பிட வேண்டியிருந்தது.

உங்களைப் போலப் பலரையும் குழப்புகிற இன்னொரு விஷயம், 'இந்த மாதம் வங்கிகளுக்கு 15 நாள் விடுமுறை' என்று மாதா மாதம் வருகிற செய்தி. ரிசர்வ் வங்கி தன் மண்டல அலுவலகம் இருக்கும் ஊர்களை வைத்து அட்டவணை போடுகிறது. அகர்தலாவில் ஒரு நாள், ஷில்லாங்கில் ஒரு நாள், மும்பையில் ஒரு நாள் என்று எல்லா மாநிலத்தையும் கூட்டி எழுதினால் 15 வரத்தான் செய்யும். நாம் பார்க்க வேண்டியது சென்னை என்ற ஒரே வரிசை. ஹோலிக்கும் மகா சிவராத்திரிக்கும் குருநானக் ஜெயந்திக்கும் தமிழ்நாட்டில் வங்கி உண்டு. தெலுங்கு வருடப் பிறப்புக்கும் மகாவீரர் ஜெயந்திக்கும் கிடையாது. எல்லையோரத்தில் இது இன்னும் வேடிக்கையாகத் தெரியும்: நவம்பர் 1 கன்னட ராஜ்யோத்சவத்துக்குப் பெங்களூரில் வங்கி மூடியிருக்கும், ஒசூரில் திறந்திருக்கும். திருவோணத்தன்று பாறசாலையில் மூடல், களியக்காவிளையில் திறப்பு, கன்னியாகுமரி ஆட்சியர் உள்ளூர் விடுமுறை விட்டிருந்தாலும் கூட.

மழைக்காகப் பள்ளி கல்லூரிகளுக்கு விடும் விடுமுறையும் வங்கியைக் கட்டாது. தேர்தல் நாள் மட்டும் வேறு. 2024 ஏப்ரல் 19 வாக்குப்பதிவு போல, அது 25-ம் பிரிவின் கீழேயே அறிவிக்கப்படும், வங்கி மூடும்.

ஏப்ரல் 1 பற்றி ஒரு வார்த்தை. அரசுப் பட்டியலில் வங்கிகளுக்கென்றே உள்ள ஒரே நாள் அது, ஆண்டுக் கணக்கு முடிப்பு. நாங்கள் உள்ளே வேலை செய்துகொண்டுதான் இருப்போம், பொதுமக்களுக்குத்தான் கிடையாது. மார்ச் 31-ல் வேறொரு சிக்கல். 2025-ல் அன்று ரம்ஜான், பட்டியல்படி விடுமுறை. ஆனால் நிதியாண்டின் கடைசி நாள் என்பதால், அரசு வரவு செலவைக் கையாளும் கிளைகள் திறந்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. 2024 மார்ச் 31 ஞாயிற்றுக்கிழமைக்கும் அதே ஏற்பாடு. அது வரி கட்டுகிறவர்களுக்கானது. கதவு திறந்திருக்கிறதே என்று கடன் கட்டப் போனால் வாங்குவார்களா என்பது கிளைக்குக் கிளை மாறும். அதை நம்பி இருக்காதீர்கள்.

இதுவரை சொன்னதில் தேதிகள் உறுதியானவை. பிறை பார்த்து வரும் பண்டிகைகளில்தான் உறுதி கிடையாது. ரம்ஜான், பக்ரீத், மொகரம், மீலாதுன் நபி நான்கும் பட்டியலில் ஒரு தேதியோடு அச்சாகும், தலைமை காஜியின் அறிவிப்புக்குப் பிறகு ஒரு நாள் தள்ளலாம். 2024-ல் மீலாதுன் நபி செப்டம்பர் 16 என்று இருந்து 17-க்கு மாறியது. காலண்டரில் சிவப்பு மை 16-ல்தான் இருந்தது. இந்த நான்கு பண்டிகைக்கும் முந்தின நாள் மாலை ஒரு முறை செய்தி பார்த்துக்கொள்வது நல்லது.

சரி, கெடு நாளே விடுமுறையில் விழுந்தால் என்ன? உங்கள் மாமனாரின் விஷயத்தில் முக்கியமானது இதுதான், இதில்தான் என்னால் முழு உறுதியோடு பேச முடியாது. 25-ம் பிரிவு சொல்வது பலரும் நினைப்பதற்கு நேர்மாறானது. மாற்றுச்சீட்டோ (இன்னாருக்கு இவ்வளவு கொடு என்று ஒருவர் இன்னொருவருக்கு எழுதும் சீட்டு), குறித்த நாளில் தீரும் புரோநோட்டோ விடுமுறை நாளில் முதிர்ந்தால், அதற்கு முந்தைய வேலை நாளிலேயே கெடு என்று கொள்ள வேண்டும். பிந்தைய நாள் இல்லை. ஆனால் பயிர்க்கடன் கெடு அந்த வகை ஆவணத்தால் மட்டும் முடிவாவதில்லை. வங்கியின் கடன் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது, அந்த வங்கியின் உள் சுற்றறிக்கை இரண்டும் சேரும். அடுத்த வேலை நாளில் கட்டினால் தாமதமாக எடுத்துக்கொள்ளாத வங்கிகளை எனக்குத் தெரியும். 16-ம் தேதிக் கெடுவை 17-ல் கட்டியிருந்தால், மேலாளரிடம் வாதாட உங்களிடம் நல்ல நியாயம் இருந்திருக்கும். அதே நேரம், 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி, கெடு நாளின் இறுதிக் கணக்கு ஓட்டத்திலேயே பாக்கி என்று குறிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. முன்பெல்லாம் லெட்ஜரைப் புரட்டும் எழுத்தர் 'பண்டிகை நாள், போகட்டும்' என்று விட முடிந்தது. இப்போது இரவில் கம்ப்யூட்டர் தேதியைப் பார்த்துக் குறித்துவிடுகிறது.

பணம் போகும் வழிகளும் இப்போது விடுமுறை பார்ப்பதில்லை. ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குப் பணம் அனுப்பும் முறைகளில் நெஃப்ட் 2019 டிசம்பர் 16 முதல், ஆர்.டி.ஜி.எஸ். 2020 டிசம்பர் 14 முதல், வருடம் முழுக்க இருபத்து நான்கு மணி நேரமும் ஓடுகின்றன. இதனால் உங்கள் மாமனாருக்கு ஒரு வழி இருந்தது: உழவர் திருநாளன்றே, வீட்டில் யாராவது ஒருவர் கணக்கிலிருந்து நெஃப்டில் அந்தப் பயிர்க்கடன் கணக்குக்கு அனுப்பியிருக்கலாம். கெடு நாள் தேதியிலேயே வரவாகியிருக்கும். அடுத்த முறை இதற்காகக் கணக்கு எண்ணையும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டையும் இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கடன் கணக்குக்கு வெளியிலிருந்து பணம் ஏற்கும் வசதி உண்டா என்றும் கேளுங்கள். ரொக்கம் போடும் இயந்திரம் வாசலில் இருந்தாலும் அது கடன் கணக்கை ஏற்குமா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. வீட்டுக்கடன், வண்டிக்கடன் தவணை தானாகப் பிடிக்கும் நாச் முறை 2021 ஆகஸ்ட் 1 முதல் எல்லா நாளும் இயங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை 5-ம் தேதி என்றால் திங்கட்கிழமை பணம் போட்டுக்கொள்ளலாம் என்ற பழைய பழக்கம் இனி உதவாது. ஞாயிறு அன்றே வந்து பார்க்கும், பணம் இல்லையென்றால் திரும்பிவிடும், கணக்கு உள்ள வங்கி, கடன் கொடுத்தவர் என்று இரு பக்கமும் அபராதம். செக்குக்கும் 2025 அக்டோபர் 4 முதல், வேலை நாளில் வரவர அனுப்பிப் பணமாக்கும் தொடர் கிளியரிங் வந்துவிட்டது, 'நாளைக்குத்தானே பாஸாகும்' என்று இருக்க முடியாது. நமக்குச் சாதகமான ஒரு விதியும் இருக்கிறது: நிரந்தர வைப்பு விடுமுறை நாளில் முதிர்ந்தால், அந்த நாளுக்கும் ஒப்பந்த விகிதத்தில் வட்டி தர வேண்டும். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

இப்போது அந்த 6,000 ரூபாய். குறித்த நாளுக்குள் கட்டுகிற விவசாயிக்கு 7 சதவீத வட்டியில் 3 சதவீதம் ஊக்கமாகக் கழியும், 4 சதவீதம்தான் விழும். இரண்டு லட்சத்துக்கு வருடத்துக்கு 6,000. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. திரும்பக் கிடைக்குமா என்றால், 17-ம் 18-ம் வங்கிக்கு வேலை நாட்கள் என்பதால் கடினம் என்றே நினைக்கிறேன். ஆசை காட்ட எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஒரு இடம் பார்க்கத் தகுந்தது. அந்த இரண்டு நாளும் கிளை உண்மையிலேயே வாடிக்கையாளருக்குத் திறந்திருந்ததா, வாசலில் விடுமுறை என்று பலகை ஏதாவது மாட்டியிருந்தார்களா, கெடு பற்றி எஸ்.எம்.எஸ். வந்ததா, அதில் என்ன தேதி? தவறான பலகை வைத்திருந்தால் நியாயம் உங்கள் பக்கம். அப்படியானால் கிளைக்கு எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

ஜனவரி 20-ல் கட்டிப் புதுப்பித்திருந்தால் அடுத்த கெடு 2026 ஜனவரி 19-ஐ ஒட்டி வரும். பாஸ்புக்கையோ விவசாயக் கடன் அட்டையையோ கொண்டுபோய் தேதியை இந்த வாரமே கேட்டு, வீட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள். 2026-ல் பொங்கல் 15-ம் தேதி வியாழன், திருவள்ளுவர் தினம் வெள்ளி, உழவர் திருநாள் சனி, அடுத்து ஞாயிறு. நான்கு நாளும் கிளை மூடியிருக்கும், அந்தச் சனி மூன்றாவது சனியாக இருந்தாலும். 19 திங்கட்கிழமை திறந்ததும் கூட்டம் கதவு வரை நிற்கும், சர்வர் மெதுவாக ஓடும். அதனால் 13-ம் தேதி செவ்வாய்க்கிழமை போகச் சொல்லுங்கள். 14 போகி, அன்றும் வாங்குவார்கள், ஆனால் நகை மீட்க வருகிற பெண்களோடு அவரும் வெகுநேரம் நிற்க வேண்டியிருக்கும்.